வந்தேன் என்று மட்டும்

மார்ச் 4, செவ்வாய்

முதல் ஆலோசனைக் கூட்டம். மேலாளர், கண்காணிப்பாளர், நான். கண்காணிப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். நான் தொழிலாளர் பிரதிநிதி. வாயாடி என்பதற்காகவே மற்ற முப்பத்தொரு பேரும் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நிமிடத்துக்கு நாற்பது பாட்டில் ஓடும் பெல்ட்டை ஐம்பத்தைந்து ஆக்கலாமா என்று கேட்டார்கள். விளக்குக்கு எதிரே விரிசல் பார்ப்பவள் நான். முடியாது என்றேன். மேலாளர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். டீ கொடுத்தார்கள். கிளம்பும்போது மேலாளர் ஒரு தாளை நீட்டி, "வருகைக்கு ஒரு கையெழுத்து" என்றார். போட்டேன்.

வீட்டில் அண்ணியிடம் ஒரே பெருமை. பெல்ட்டில் எனக்கு அடுத்து நின்று மூடி திருகுபவர் அண்ணிதான்.

மார்ச் 6, வியாழன்

அறிவிப்புப் பலகையில்: 'தொழிலாளர் பிரதிநிதியின் ஒப்புதலுடன், திங்கள் முதல் வேகம் 55.' கீழே என் கையெழுத்து, வாலோடு.

மேலாளரிடம் ஓடினேன். நான் போட்டபோது மேலே ஒன்றுமே இல்லையே என்றேன்.

"தீர்மானத்த அப்புறம்தாம்மா டைப் பண்ணுவோம். அதான் நடைமுறை."

மார்ச் 7, வெள்ளி

சாப்பாட்டு அறையில் நான் உட்கார்ந்ததும் மேசை காலியானது. ஒரு டீக்கு விலைபோய்விட்டேனாம். காதில் விழும்படிதான் சொன்னார்கள்.

மார்ச் 10, திங்கள்

ஐம்பத்தைந்து. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எத்தனையைக் கோட்டை விட்டேனோ. அது தெரியாததுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 12, புதன்

அண்ணி மூடி திருகும்போது பாட்டில் உடைந்துவிட்டது. வலது உள்ளங்கை. எட்டுத் தையல்.

என்னைத் தாண்டித்தான அது போச்சு? பாத்தேனா, பாக்கலையா — ஞாபகமே வரலையே. சில்லைப் பெருக்கச் சொல்லிவிட்டுக் கடிகாரம் மணி பார்த்தார். ஆறு நிமிடம் பெல்ட் நின்றது. ஆறே நிமிடம்.

மார்ச் 13, வியாழன்

அண்ணன் என்னிடம் பேசவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணியால் தலை பின்ன முடியவில்லை. நான் பின்னிவிட்டேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாததால் பின்னால் இருந்தே மன்னிப்புக் கேட்டேன். பாட்டிலுக்கும் சேர்த்து, கையெழுத்துக்கும் சேர்த்து.

அண்ணி சொன்னார்: "பாட்டில் கண்ணுக்குத் தெரியாமப் போயிருக்கும். தாள்ல காலி இடம் தெரிஞ்சுதுல்ல? அத நீயே எழுதி நிரப்பியிருக்கணும்."

அழுதேன். பின்னல் கோணலாகிவிட்டது.

ஏப்ரல் 1, செவ்வாய்

இரண்டாவது கூட்டம். வேகத்தைக் குறையுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார்கள். அதே வெற்றுத் தாள். காலி இடம் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'வந்தேன். ஒப்புக்கொள்ளவில்லை.' கீழே கையெழுத்து.

மேலாளர் இன்னொரு தாள் தந்தார். அதிலும் அதையே எழுதினேன். மூன்றாவதிலும். அவர் முகம் சுண்டிவிட்டது.

"சரி, நீ சொன்னா எல்லாரும் சொன்ன மாதிரியா? ஆளாளுக்கு ஒரு தாள் குடுத்துக் கேப்போம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் 2, புதன்

என் மூன்று தாள்களையும் கடிகாரமே பலகையில் குத்திவைத்தார். பிடிவாதக்காரி என்று காட்டவாம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் நின்று படித்தார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

அண்ணி வேலைக்கு வந்துவிட்டார். வலது கையில் இன்னும் கட்டு. லேபிள் பிரிக்கும் மேசையில், இடது கையால்.

ஏப்ரல் 4, வெள்ளி

தாள் கொடுத்தார்கள். 'புதிய வேகத்துக்குச் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு இடம். எனக்குத் தரவில்லை. யார் என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. அண்ணியிடமும் கேட்கவில்லை. கேட்டு, பதில் வேறாக இருந்தால்?

ஏப்ரல் 7, திங்கள்

பெல்ட் நாற்பதில் ஓடுகிறது.

கடிகாரம் ஒரு தாள் கட்டை என் விளக்கு மேசையில் வைத்துவிட்டுப் போனார். மணி பார்க்கவில்லை. முப்பத்தொரு தாள். அச்சடித்த வரியை அடித்துவிட்டு, பலகையில் படித்ததை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள்: 'வந்தேன். ஒப்புக்கொள்ளவில்லை.' அது கூட்டமே இல்லை, யாரும் எங்கும் வரவில்லை. ஆனாலும் முப்பத்தொன்றிலும் 'வந்தேன்'.

கடைசித் தாள் அண்ணியுடையது. இடது கை எழுத்து, கோணல்மாணலாக. இடம் போதாமல் 'வில்லை' மட்டும் அடுத்த வரியில் தனியாக நின்றது, பெரிதாக.