பதினாறு பக்கத்தின் சாராம்சம்

காந்திமதிக்கு,

நிலம் தர மறுத்து உன் அப்பா எங்கள் நிலமெடுப்பு ஆபீசில் கொடுத்த மனு பதினாறு பக்கம். கிணறு வெட்டிய கதையே நாலு பக்கம். "சாராம்சத்த ஒரு சீட்டுல எழுதி மனு மேல குத்துங்க, ஆபீசர் அதத்தான் படிப்பாரு" என்றார் ஹெட்கிளார்க்.

சாரம், அம்சம், இரண்டும் வடசொல். பிழிந்த சாற்றில் ஒரு பங்காம். சக்கையை என்ன செய்வது என்று எந்த அகராதியும் சொல்லவில்லை. எம்.ஏ. படித்ததற்கு இந்த வேலை.

எப்படிப் பிழிந்தாலும் 'தரமாட்டேன்' என்றுதான் வந்தது. அப்படியே எழுதினால் மறுநாளே புல்டோசர் வரும். 'அறுவடை வரை அவகாசம் கேட்கிறார்' என்று எழுதினேன்.

தை வரை கொடுத்துவிட்டார்கள். அவகாசம் கேட்டதால் சம்மதம் என்றும் ஃபைலில் ஏற்றிவிட்டார்கள். உன் அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும்.

கடைசிப் பக்கத்தில், 'அங்கே என் மருமகப்பிள்ளை இருக்கிறார், விசாரித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தார். அந்த வரியைச் சீட்டில் சேர்க்கவில்லை.

உன் வீட்டுக்காரன்