எல்லைக் கல்லுக்குச் சுண்ணாம்பு

ஜனவரி 8

ஊர்ப் பொதுநிலத்தைக் கவனிக்கும் நிலத் தலைவர் பதவி என் தலையில் விழுந்து ஒரு வருடம். ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுத்தது என் கணவரை. அவர் வடக்கே கலிஃபோர்னியாவில் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறார், அதனால் நான். சம்பளம் கிடையாது, மறுக்கவும் முடியாது. வசவுக்கு மட்டும் குறைவில்லை.

சனிக்கிழமை எல்லை வெட்டு. எங்கள் ஊர் சான் மத்தேயோவும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சாந்தா இனேஸும் சேர்ந்து போய்ப் புதர் வெட்டுவோம். எல்லைக் கல்லில் அவர்கள் பக்கத்துக்கு அவர்கள், எங்கள் பக்கத்துக்கு நாங்கள் சுண்ணாம்பு அடிப்போம். பிறகு மெஸ்கல் சாராயம் குடிப்போம். பைன் காடு யாருடையது என்ற சண்டை மறுநாள் பழையபடி தொடங்கும்.

ஜனவரி 10

தங்கை ஓத்திலியா போன் செய்தாள். சாந்தா இனேஸின் ஃபெர்மினுக்கு வாழ்க்கைப்பட்டவள்.

"அக்கா, மாமனார் போயிட்டாரு. ஒம்பது நாள் ஜெபம் முடியற வரைக்கும் இங்க யாரும் அரிவாளைத் தொட மாட்டாங்க. எல்லை வெட்டைத் தள்ளி வைக்கச் சொல்லு."

ஜனவரி 11

கூட்டத்தில் சொன்னேன். மர அறுவைப் பட்டறை லிசாந்த்ரோ எழுந்தான்.

"தலைவரம்மாவுக்குத் தங்கச்சி வீட்டுப் பாசம்! பொணத்தைக் காட்டி நிலம் புடிக்கப் பாக்குறானுங்க, நாம விசிறி வீசிட்டு நிக்கணுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சனிக்கிழமையே போவதற்குக் கைகள் உயர்ந்தன. என் கையும்தான். ஏன் தூக்கினேன்? தங்கைக்காகப் பேசுகிறாள் என்பார்களே என்ற பயம், வேறென்ன.

ஜனவரி 13

நாங்கள் மட்டும் போனோம். லிசாந்த்ரோ கல்லின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்தான். வேண்டாம் என்றேன்.

"மிச்சம் இருக்கும்மா, வீணாக்கவா?"

ஜனவரி 14

ஓத்திலியா கத்தினாள். "கல்லை முழுசா முழுங்கிட்டீங்களே! அப்பன் குழிமண்ணு கூட காயல, ஃபெர்மின் துப்பாக்கியைத் துடைச்சிட்டு உக்காந்திருக்காரு. எம் புருஷனை எப்படிக்கா தடுப்பேன்? நீயெல்லாம் தலைவரா, பொம்மையா?"

பொம்மைதான்.

ஜனவரி 16

நகரத்தில் நில அலுவலகம். அதிகாரி காபி கொடுத்தார். "ரெண்டு ஊரும் உக்காந்து பேசித் தீத்துக்குங்கம்மா." ஒரே காட்டை இரண்டு ஊருக்கும் எழுதிக் கொடுத்தது இதே அலுவலகம். காபி நன்றாக இருந்தது.

ஜனவரி 19

இன்றோடு ஜெபம் முடிகிறது. காட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். லிசாந்த்ரோ மட்டும் கேட்கவில்லை. "எங்க காட்டுக்குப் போக எவன்கிட்ட கேக்கணும்?"

ஜனவரி 21

எழுத முடியவில்லை.

ஜனவரி 22

லிசாந்த்ரோ கல்லுக்கு இந்தப் பக்கம் கிடந்தான். ஃபெர்மின் அந்தப் பக்கம். யார் முதலில் சுட்டது என்பதற்கு ஊருக்கு ஒரு பதில். ஓத்திலியா போனை எடுக்கவில்லை. எடுத்தால் மட்டும் என்ன சொல்லப் போகிறேன்? ஐயோ, என் தங்கச்சி.

ஜனவரி 23

லிசாந்த்ரோவை அடக்கம் செய்துவிட்டு அப்படியே கூட்டம் போட்டார்கள். பழி தீர்க்க எப்போது போவது என்பதுதான் பேச்சு. ஒன்பது நாள் ஜெபம் முடியட்டும், அதுவரை யாரும் அரிவாளைத் தொட வேண்டாம் என்றார்கள். சாந்தா இனேஸிலும் அதே முடிவாம். இந்த முறை காத்திருப்பதில் யாருக்கும் மறுப்பில்லை, எல்லாக் கைகளும் உயர்ந்தன.

நான் தூக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை.