புது வீட்டுக்கு ஒரு முகம்

விய வருஷம், தை 9, புதன்

ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் செத்ததும் நிலத்தை எடுத்துக்கொண்ட மாதிரியே இதையும்!

அவர் என் புருஷனுக்கு அண்ணன். அவர் எதிரில் நான் வாய் திறக்கக் கூடாது. அதனால்தான் கைக்கு வேலை கொடுத்தேன். பழைய காகிதத்தை ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, பானை முதுகில் அப்பி ஒரு முகம் செய்தேன். சேர்ந்த புருவம், துருத்திய கீழுதடு, முன்பல் சந்து எல்லாம் அவருடையவை. சொல்ல முடியாததையெல்லாம் அந்த முழிக்கண்ணில் வைத்தேன். முடித்த அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இன்று கொல்லையில் காய்ந்ததைப் பார்த்துவிட்டார். "நல்லா கோரமா இருக்கே, புதுவூட்டு வாசல்ல திருஷ்டிக்குக் கட்டிடலாம்" என்று தூக்கிக்கொண்டார். தன் மூஞ்சி தனக்கே தெரியவில்லை! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அவர் மனைவி அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "நல்லா உசரத்துல கட்டுங்க. ஊரே பாக்கட்டும்."