படிப்பு வந்தது, பதவி வரவில்லை

அக்கா,

பேத்தியின் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக் காயவிட்டிருந்தேன். இன்று காலை மடிக்க எடுத்தபோது உங்கள் மணம். நம் தீவு ஆசுபத்திரியில் நீங்கள் தாதியாக, எல்லோருக்கும் மிஸியாக இருந்த வருடங்களெல்லாம் என்னைக் கடந்து போன மணம். நீங்கள் கண்மூடி மூன்று வருடமாகிறது. ஆனாலும் இந்த ஆத்திரத்தை வேறு யாரிடம் கொட்டுவேன்?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி தாதிப் பட்டம் எடுத்து, அவசர சிகிச்சைக்கென்று புதிதாகத் தொடங்கிய மேற்படிப்பையும் முடித்திருக்கிறாள். அதை முடித்த முதல் தொகுதியில் இவளும் ஒருத்தி. வேலையும் நம் ஆசுபத்திரியிலேயே கிடைத்தது. அந்தக் காலத்தில் நோயாளியைப் படகில் கிடத்தி, அக்கரை சேரும்வரை கையைப் பிடித்தபடி போவீர்கள். அதற்கு மேல் உங்களுக்குச் செய்ய இருந்தது குறைவு. இவளுக்குச் செய்யத் தெரியும்.

அந்தப் பெருமையில்தான் பிழைவிட்டேன். சான்றிதழோடு அவளைக் கூட்டி வந்த அன்று, குறிகட்டுவான் துறையில் படகேறியதும் பக்கத்திலிருந்தவளிடம், "என்ர பேத்தி இப்ப அரை டொக்டர்" என்றேன். கரை சேர முதல் அது முழு டொக்டராகிவிட்டது. மறுநாள் விடிய எங்கள் படலை வாசலில் ஏழு பேர். ஒருவருக்கு இடுப்பில் நாரி நோ, ஒருத்தியின் பிள்ளைக்குச் சளி. "ஆசுபத்திரிக்குப் போங்கோ" என்று கும்பிட்டு அனுப்பினாள். கதை அவளுக்கு முதலே அங்கே போய்விட்டது.

"வாங்கோ டொக்டரம்மா, தெர்மோமீற்றரைக் கழுவி வையுங்கோ" என்றாளாம் ஒரு பழைய மிஸி.

போன கிழமை ஒரு கடற்றொழிலாளியை மூச்செடுக்க ஏலாமல் தூக்கி வந்தார்கள். டொக்டர் யாழ்ப்பாணத்தில் கூட்டத்தில். பேத்தி படித்ததைச் செய்யப் போனாள்.

"அது எங்கட வேலைப் பட்டியலில இல்லை. கையை எடும்" என்று பழைய மிஸிமார் தடுத்துவிட்டார்கள். தொலைபேசியில் டொக்டரின் அனுமதி வரும்வரை ஒக்சிசனைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். மனிசன் தப்பிவிட்டார். இவள் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

நான் போனேன், அக்கா. ஆசுபத்திரிக்குப் பொறுப்பானவரின் கதிரைக்கு முன்னால் நின்று, "அரை டொக்டரெண்டு சொன்னது நான். பிள்ளையில பிழையில்லை" என்றேன்.

"அம்மா, அவவின்ர படிப்பை ஒருத்தரும் குறை சொல்லேல்லை. அந்தப் படிப்புக்கு இன்னும் பதவி இல்லை. பதவி இல்லாமல் பொறுப்புக் குடுக்கேலாது."

"அப்ப ஏன் படிப்பிச்சவை?"

"படிப்பிச்சது அரசாங்கத்தில ஒரு பகுதி. பதவி போடுறது வேற பகுதி."

"ரெண்டு பகுதிக்கும் நடுவில கடலோ?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது வெளிநாட்டு விண்ணப்பம் ஒன்று மேசையில் கிடக்கிறது. அங்கே இந்தப் படிப்புக்கு இடமுண்டாம். "நிக்கட்டோ, போகட்டோ அம்மம்மா?" என்கிறாள். நான் வாய் திறக்கவில்லை. ஒருமுறை திறந்தது போதும்.

ஓய்வுபெற்ற நாளில் என்னிடம் சொன்னீர்கள்: "வேலை நிண்டது கவலையில்லை, பிள்ளை. கை மறந்துபோகும் எண்டதுதான் பயம்." அன்று விளங்கவில்லை. இப்போது பின்னேரங்களில் நானே கட்டிலில் படுத்து, "மூச்சு முட்டுது, தொடங்கு" என்கிறேன். அவள் என் தலையைச் சாய்த்து, தாடையை உயர்த்தி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறாள்.

நேற்று, "நல்லா நடிக்கிறியள் அம்மம்மா" என்று சிரித்தாள்.

நடிப்பில்லை, அக்கா. இவள் போய்விடுவாள் என்று நினைக்க, உண்மையாகவே முட்டியது.