ஒல்லியான ஆளின் இடுப்பளவு

11-6-2019, செவ்வாய்

இரண்டு ஜாக்கெட் தைத்தேன். கொக்கி வைக்கவில்லை. ஆலையில் ஷிப்டு முடிந்து சைக்கிளை எடுக்கப் போன இடத்தில் என் வீட்டுக்காரர் சிங்கராயர் விழுந்து, உயிர் போய் இன்றோடு முப்பத்து மூன்று நாள். மாரடைப்பு. நாற்பத்தாறு வயசு. வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள்: இவ்வளவு ஒல்லியான மனுஷனுக்கா?

14-6

மிஷினில் உட்காரவில்லை. படுத்திருந்தேன்.

19-6, புதன்

கள்ளக்குறிச்சி போய், அவரைக் கடைசியாகப் பார்த்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். எடை சரியாகத்தானே இருந்தது என்று கேட்டேன். எடை சரிதான், இடுப்பு எவ்வளவு என்றார். கை கால் மெலிந்து வயிறு மட்டும் போட்டாலும் இருதயத்துக்கு ஆபத்தாம். உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாதாம் இடுப்பு.

டேப் தேவைப்படவில்லை. கல்யாணத்தப்போ இருபத்தெட்டு இன்ச். போன கிறிஸ்துமஸ் பேன்ட்டுக்கு முப்பத்தாறு. உயரம் அறுபத்தைந்து; பாதி முப்பத்திரண்டரை. ஒவ்வொரு தடவையும் தையலைப் பிரித்து இடுப்பைப் பெரிசாக்கிக் கொடுத்தது நான்தான். ஆம்பளைக்குக் கொஞ்சம் தொப்பை இருந்தாதான் அழகுன்னு சிரிச்சது யாரு? நானேதான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுகை வரவில்லை.

2-7, செவ்வாய்

கொழுந்தன் அந்தோணிதாஸ் பேன்ட் துணியோடு வந்தான். அண்ணனைப் போலவே குச்சிக் கை. டேப்பைச் சுற்றினேன். முப்பத்தேழு. திரும்பவும் சுற்றினேன். அதேதான்.

மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். கரும்புக் கட்டைத் தூக்கினால் நெஞ்சு இறுக்குகிறதாம். வாயுதான் என்றான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம் தம்பி."

"நான் இன்னா குண்டாவா கீறேன் அண்ணி?"

"உங்க அண்ணன் குண்டாவா இருந்தாரு?"

காலையில் எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டான்.

3-7

கூடவே போனேன். இசிஜி சரியில்லை. சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

6-7

அந்தோணிக்கு இருதயக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது என்றார்களாம். அவன் வீட்டிலிருந்து போனில் சொன்னார்கள். சரி என்று வைத்துவிட்டேன்.

15-7, திங்கள்

அந்தோணி வீடு வந்துவிட்டான். போய்ப் பார்த்தேன். அவன் மனைவி இசபெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என் தாலி உங்களாலதான் இருக்குது அக்கா."

சந்தோஷப்பட்டேனா? அவன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பதைப் பார்க்க வயிறு எரிந்தது. பிழைத்தவனைப் பார்த்தா எரியும்? எரிந்தது. இதை யாரிடம் சொல்ல?

எழுந்து வந்துவிட்டேன். தெருக்குழாயைத் தாண்ட முடியவில்லை. அங்கேயே நின்று அழுதேன் — அவர் போனதிலிருந்து முதல் தடவை. தண்ணீர் பிடிக்க வந்த எதிர்வீட்டு இருசம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். நான் முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.