தேநீரில் ஆரஞ்சுப் பூ

என் கண்ணே,

நாலு வருஷத்துக்குப் பிறகு உனக்கு எழுதுகிறேன். நம் ஊர் ஃபெஸ்ஸில் இப்போது ஆரஞ்சு பூக்கும் காலம். அந்த வாசனையில் சந்துகளில் நடக்கும்போது தூக்கத்திலேயே நடப்பதுபோல் இருக்கிறது.

இன்று காலை ஆறு வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினேன். பள்ளிவாசல் பக்கம் மெதுவாகப் பேசுங்கள், வலக்கையால் சாப்பிடுங்கள் என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே போனேன். அவர்களில் நெட்டையான ஒருவன் மட்டும் எதையும் படம் எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

புஷைப்பின் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அந்த நெட்டையன் முதல் கிளாஸ் தேநீரைக் கெண்டியிலேயே திரும்ப ஊற்றிக் கலந்தான். பிறகு நம் பாஷையில் திக்கித் திக்கி, "அண்ணே, ஒரு ஆரஞ்சுப் பூ போடுங்க" என்றான்.

புஷைப் சிரித்துவிட்டான். "யோவ், உன் வீட்டைத் தவிர இந்த ஊர்ல எவன்யா இப்படிக் குடிக்கிறான்? உன் மாப்பிள்ளையாட்டம்ல கேக்குறான்!"

நெட்டையன் காதெல்லாம் சிவந்துபோய்த் தலையைக் குனிந்தான். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ சொன்ன அன்றைக்கு, அவனைப் பற்றி உன்னிடம் நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதமாட்டேன்.

"அவ நல்லா இருக்காளா?" என்று கேட்டேன்.

"உங்க குரலைக் கேட்டுட்டு வரச் சொன்னா, வாப்பா."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் உன் அறையில் தூங்குகிறான். உன் உம்மா மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். இனிமேல் அவனை ஊர் பார்க்க வந்தவன்போல அனுப்பாதே. நீயே கூட்டிக்கொண்டு வா.

உன் வாப்பா