பெரிய வெள்ளியன்று எனக்கு வந்த காய்ச்சல்

3 ஏப்ரல் 1984, செவ்வாய்

இல்லை, பிடிவாதம் அல்ல. வருஷத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாளும் என்னுடையதாக இல்லாவிட்டால் மற்ற நாட்களில் நான் யார்?

கையுறைத் தொழிற்சாலைக்குப் பத்து வயதாகிறதாம். ஈப்போ உணவகத்தில் ராத்திரி விருந்து. தேதி இருபது. பெரிய வெள்ளி. மேனேஜர் லிம் நாள்காட்டியைப் பார்த்துத்தான் வைத்திருப்பார். அதில் அந்த நாள் விடுமுறைச் சிவப்பு இல்லை, வேலைநாளின் கறுப்பு எழுத்து.

லியோனார்ட் அங்கே சூப்பர்வைசர். நான் கணக்குப் பிரிவு. எங்களுக்கு நிச்சயம் முடிந்து மூன்று மாதம். போன மாதம் இளைஞர் கூட்டத்தில் அவர் பேசியது இன்னும் காதில் இருக்கிறது: "ஊரோட ஒத்துப்போறது சுலபம். ஒத்துப்போகாம இருக்கத்தான் ரெண்டு பேரு வேணும்."

இரண்டு பேர். நாங்கள்.

6 ஏப்ரல், வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்ததும் பேசினோம். இருவரும் போவதில்லை. காரணத்தை லிம்மிடம் நேராகச் சொல்லிவிடுவது.

"நான் பேசிக்கிறேன். நீ போனா வாதம் பண்ணுவே. யூனிவர்சிட்டி வாய்."

சிரித்தேன். சரி என்றேன்.

10 ஏப்ரல்

சொல்லியாயிற்றாம். "ஒண்ணும் இல்ல லா. சரின்னுட்டாரு." இவ்வளவு சுலபமா?

20 ஏப்ரல், பெரிய வெள்ளி

அரை நாள் விடுப்பு. உபவாசம். மூன்று மணி வழிபாட்டில் லியோனார்ட் எனக்கு முன்னால். முழந்தாளிட்டு, உதடு பதித்துச் சிலுவையை முத்தி செய்தார். வெகு நேரம். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

வெளியே வந்ததும், "தலை வலிக்குது, வீட்டுக்குப் போறேன்" என்றார்.

23 ஏப்ரல், திங்கள்

என் மேசையில் ஆரஞ்சுப் பழங்கள். பக்கத்து மேசை மங்களம் வைத்தது.

"காய்ச்சல் விட்டுருச்சாக்கா? மூஞ்சி தெளிவாத்தான் இருக்கு."

"எனக்கேது காய்ச்சல்?"

"விருந்துல லியோனார்ட் அண்ணேதான சொன்னாரு, டேபிள் டேபிளாப் போயி. ஆனா உன்னை விட்டுட்டு வந்த கவலையே இல்லக்கா அவருக்கு! பீர் கிளாஸைத் தூக்கிக்கிட்டு 'யாம் செங்'னு கத்துனாரு பாரு, மூச்சு விடாம. மொதலாளி தவுக்கேயே தோத்துட்டாரு. முழுப் பன்னி வந்துச்சு, மொதத் துண்டு அவருக்குத்தான்."

அதே வாய். அதே நாள்.

உள்ளதைச் சொன்னேன். மங்களம் சிரிக்கவில்லை. "வெரதம்னு சொல்லிருக்கலாமே. புரட்டாசிக்கு நாங்க கறி தொடமாட்டோம், ஆபீஸுக்கே தெரியும். யாரு சிரிச்சா? இதுக்கா காய்ச்சல்?"

இதுக்கா.

அவர் விருந்துக்குப் போனது போகட்டும். பயம் யாருக்கும் வரும். ஆனா என்னோட 'மாட்டேன்'ங்கறத வாங்கிட்டுப் போயி காய்ச்சலா மாத்திக் குடுத்துட்டாரே. நான் மறுத்தேன் என்பது இப்போது எங்குமே இல்லை.

24 ஏப்ரல்

கேண்டீனில் லியோனார்டைக் கேட்டேன்.

"புரமோஷன் நேரம். ஒருத்தராவது போகணும்ல? உன்னையும் காப்பாத்தித்தான விட்டேன்."

"எதுலேர்ந்து?"

"ரப்பர் எஸ்டேட்டுக்காரப் பிடிவாதம்னு பேரு எடுக்கறதுலேர்ந்து. மனசுல இருந்தாப் போதும் அகதா. ஆண்டவருக்குத் தெரியும்."

ஆண்டவருக்குத் தெரியலாம். லிம்முக்குத் தெரியக்கூடாது.

ஞாயிறன்று கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசிப்பார்கள், முதல் அறிவிப்பு. "அது வரைக்கும் பேசாம இரு" என்கிறார்.

25 ஏப்ரல்

நாளைக்கு எங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வருமா, பெரிய வெள்ளிதோறும்?

27 ஏப்ரல், வெள்ளி

லிம்மின் அறைக்குப் போனேன். காய்ச்சல் இல்லை, அது எங்கள் உபவாச நாள், அதனால்தான் வரவில்லை என்றேன்.

அவருக்குக் கோபம் இல்லை. புரியவில்லை, அவ்வளவுதான். "லியோனார்டும் உங்கள் மதம்தானே? அவன் சாப்பிட்டானே."

"ஆமாம்" என்றேன். என்னோடு நிற்க வேண்டியவர் எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டார்.

மாலை வாசலில் லியோனார்ட். "என்னைப் பொய்யனாக்கிட்டே."

"நான் ஆக்கல."

29 ஏப்ரல், ஞாயிறு

ஓலையில் மூன்று ஜோடிகளின் பெயர் வந்தது. எங்கள் பெயர் இல்லை.

கோலா கங்சாரிலிருந்து இதற்காகவே வந்திருந்த அம்மா என் பக்கம் திரும்பினாள். "சாமியாரு மறந்துட்டாரா?"

"இல்லம்மா. வாசிக்க வேணாம்னு நேத்து நான்தான் சொன்னேன்."

பாடகர் வரிசையில் லியோனார்ட் தலை நிமிரவில்லை. ஆனால் பாட்டு வந்தபோது பாடினார். நல்ல குரல்.

வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்கினேன். அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு அறைக்கு வந்து, நாளை வேலைக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட்டேன்.